மூன்று டிகிரி கூட

பால் ஆலையில் அம்மாவுக்கு டிகிரி அக்கா என்று பெயர். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவள் அவள். பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பாஸ்டுரைசர் முன்னால் நின்று வெப்பமானியைப் பார்த்து டிகிரியைக் கத்திச் சொல்வதுதான் வேலை. இயந்திர இரைச்சலைத் தாண்டி அது அறையின் மறுகோடிக்குக் கேட்க வேண்டும். வீட்டிலும் அதே குரல்தான். அவள் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும் என்பார் மாமா.

நான் நுண்ணுயிரியல் படித்து, உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா சொன்னாள்: "நீ ரெண்டு டிகிரிதான் வாங்கியிருக்க. நான் தினமும் எழுபத்திரண்டு பாக்குறேன். யாருடி பெரியவ?"

எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து விநாடி. அம்மாவின் வேலை அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும். குளிர்ந்த பால் மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு இடையே ஓடிச் சூடேறும். பிறகு வளைந்து வளைந்து போகும் ஒரு குழாயில் அந்தச் சூட்டோடு பதினைந்து விநாடி ஓடும். குழாயின் முடிவில் சூடு குறைந்திருந்தால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, அந்தப் பாலை ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். ஆலையில் அந்த வால்வுக்கு மாமியார் என்று பெயர். ஏதாவது குறை கண்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் என்பதால்.

சூடு கிருமிகளை ஒரேயடியாகக் கொல்வதில்லை. ஒரு சூட்டில், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள், பத்தில் ஒன்பது சாகும். அதே நேரம் மறுபடி கடந்தால் மிஞ்சியதில் பத்தில் ஒன்பது. அந்த நேரம் எவ்வளவு என்பது கிருமிக்குக் கிருமி மாறும். சில சட்டென்று சாகும், சில முரண்டு பிடிக்கும். பால் வழியாகப் பரவும் நோய்க்கிருமிகளில் அதிகம் முரண்டு பிடிப்பதைக் கணக்கில் வைத்துத்தான் அந்த இரண்டு எண்களும் வந்தன. அதையும் தாங்கிக்கொண்டு, ஓட்டுக்குள் சுருண்டு தூங்குபவையும் உண்டு. அதனால்தான் பதப்படுத்திய பாலையும் குளிரில் வைக்கிறோம்.

அம்மா இதையெல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தாள். "சூடு பட்டா செத்துடும்." வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றாலும் அதுதான். வெந்நீர் வைப்பாள், துணியை வெந்நீரில் போடுவாள், தட்டை வெந்நீரில் அலசுவாள். மாமா ஒருமுறை கடனாளி ஒருவரைப் பற்றிப் புலம்பியபோது, "வெந்நீர் ஊத்து" என்றாள்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் தூங்கினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் பள்ளியில் படித்தபோது நடந்தது அது. கடுமையான கோடை. ஆலையிலிருந்து கேன்களில் பால் வாங்கும் ஒரு மாணவியர் விடுதியில், மாலைப் பால் குடித்த பிள்ளைகள் இருட்டுவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலோர் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சிறுமி எழவில்லை. ஏற்கெனவே நோஞ்சான். உடம்பில் இருந்த நீர் எல்லாம் போய், மருத்துவமனை வாசலிலேயே போய்விட்டாள்.

ஆலைக்கு ஆட்கள் வந்தார்கள். விடுதிக் கேனில் மிஞ்சியிருந்த பாலைச் சோதித்தார்கள். உயிரோடு நோய்க்கிருமி எதுவும் இல்லை. சூடு சரியாகக் கொடுக்கப்பட்டதற்கான சோதனையும் தேறியது. அடுத்து விடுதிக்குப் போனார்கள். சமையல்காரியின் விரலில் கட்டு இருந்தது. கட்டை அவிழ்த்துப் பஞ்சால் தொட்டு எடுத்துப் போனார்கள். அதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி இருந்தது. வாந்தியை உண்டாக்கும் கிருமிதான். பலருடைய கையிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கும் கிருமியும் அதுதான். மாட்டின் மடியில் புண் இருந்தால் பாலிலும் வரும். அவ்வளவு தூரம் யாரும் யோசிக்கவில்லை. விரலில் புண், புண்ணில் கிருமி. கதை முடிந்தது. சமையல்காரியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அதற்குப் பிறகும் அதே இயந்திரத்தின் முன்னால் நின்று, அதே குரலில் கத்தி, முடி நரைத்து ஓய்வு பெற்றாள். ஒரே ஒரு மாற்றம். டீயில் பால் விட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். நாள் முழுக்கப் பால் வாசனையில் நின்று அலுத்துவிட்டது என்றாள். நாங்களும் நம்பினோம்.

இந்த வருஷம் அவளுடைய இதயம் ஓய்ந்துகொண்டே வந்தது. மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டில். காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ் தொண்ணூற்று ஒன்பது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாமியார் இருந்தா என்னத் திருப்பி அனுப்பியிருப்பா," என்றாள் அம்மா. அடுத்த கட்டில்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க மாமியார் இன்னுமா இருக்காங்க?" என்று கேட்டார். அம்மா இருமும்வரை சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "ஏண்டி, சூடு பட்டுச் செத்த கிருமி திரும்பி வருமா?"

"வராதும்மா."

"செத்தது செத்ததுதானே. அப்புறம் அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. இல்லையா?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்வதையே சொன்னேன். "கிருமி பண்ணாது. ஆனா சிலது உயிரோட இருக்கறப்பவே பால்ல விஷத்தக் கக்கி வச்சிடும். கிருமி செத்தாலும் விஷம் அங்கயே இருக்கும். அதுக்கு உயிர் இருந்தாத்தானே சாகும்? கொதிக்க வச்சாலும் போகாது."

அம்மா என் பக்கம் புரண்டு படுத்தாள். நிமிர்ந்து பார்த்தேன்.

"இது எப்பலேர்ந்து?" என்றாள். பாதிதான் கேட்டது. அவளுடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதேயில்லை.

"எதும்மா?"

"இந்த விஷம்."

புதிதாக வந்த ஏதோ காய்ச்சலைப் பற்றி விசாரிப்பது போலிருந்தது. "எப்பவுமே இருக்கும்மா," என்றேன்.

பிறகு அவள் சொன்னாள். கேன்களுக்குப் போகும் பாலைச் சூடாக்கும்வரை குளிரில் வைக்க ஆலையில் தனியாக ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அன்று அதன் குளிரூட்டி நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பிற்பகல் வேலைக்கு வந்த அம்மா தொட்டியில் கை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. மோந்து பார்த்தாள். கெட்ட வாசனை இல்லை. புளிப்பும் இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"கொட்டிடலாமான்னு கேட்டேன். அந்த ஆளு சிரிச்சாரு. நீங்கதானக்கா எப்பவும் சொல்வீங்க, சூடு பட்டா செத்துடும்னு. ஓட்டுங்கன்னாரு. என் வாயாலயே என்ன மடக்கிட்டாரு."

"நீ என்ன பண்ண?"

"மூணு டிகிரி கூட்டி வச்சேன்."

கையிலிருந்த ஆரஞ்சை வைத்துவிட்டேன்.

"எழுபத்தஞ்சுல ஓட்டினேன். பால் சூடாகி நின்னுச்சே, நாமளும் கொஞ்சம் கூடச் சூடு குடுப்போம்னு. மனசு ஆறல எனக்கு. புள்ளைங்க குடிக்கிற பாலாச்சே. அதனாலதான்டி கூட்டினேன்."

"வந்தவங்ககிட்ட தொட்டியப் பத்திச் சொன்னியா?"

"அவங்க சூட்டத்தான் கேட்டாங்க. சரியா இருக்குன்னேன். பால்ல ஒண்ணும் உயிரோட இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் தொட்டியப் பத்தி எதுக்குன்னு இருந்துட்டேன். அப்போ அவதான்னு நெனச்சேன். அந்தச் சமையல்காரி."

விஷத்தைத் தேடும் சோதனையை அன்று யாரும் செய்யவில்லை. அதைச் செய்ய வைத்திருக்கக்கூடிய தகவல் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் தொட்டியில் கை வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கும் விஷம் என்று ஒன்று உண்டு என்பது தெரியாது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேற வழி எதாச்சும் இருக்கா? அவ கையிலேர்ந்தே வந்திருக்கலாம் இல்ல?"

இருந்தது. ஒரே ஒரு வழி. புண்விரலிலிருந்து காய்ச்சிய பாலில் கிருமி விழுந்திருக்கலாம். ஆனால் கிருமி விழுந்ததும் விஷம் வந்துவிடாது. பெருக வேண்டும், அதற்கு வெதுவெதுப்பும் பல மணி நேரமும் வேண்டும். காய்ச்சிய பாலைச் சமையல்காரி அப்படி வெகுநேரம் வைத்திருந்தால், தப்பு அவருடையது. காய்ச்சிய கையோடு ஊற்றியிருந்தால், அது எங்களுடையது. அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அப்போ போய்க் கேளு. சண்டை போடாத. காய்ச்சினப்புறம் எவ்வளவு நேரம் வச்சிருந்தான்னு மட்டும் கேளு." கண்ணை மூடிக்கொண்டாள். "கேட்டுட்டு வந்து சொல்லு. கத்திச் சொல்லு. இப்பல்லாம் எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல."

மறுநாள் விடிந்தபோது அம்மா இல்லை.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, சமையல்காரியைத் தேடிப் போவதாக மாமாவிடம் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி. அவள் அதட்டலிலேயே வளர்ந்தவர். அவள் போன பிறகும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குரலை உயர்த்தினார்.

"செத்தவளக் கூண்டுல ஏத்தப் போறியா?"

"ஒரு கேள்வி கேக்கப் போறேன் மாமா."

"பதில் உனக்குப் புடிக்கலன்னா என்ன பண்ணுவ?"

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லுவேன்."

"உண்மையாம். உங்கம்மா வாயத் தொறந்தா ஊரே கேக்கும். அவளே ஒரு விஷயத்துல வாய மூடிக்கிட்டு இருந்தான்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். நீ போய்த் தோண்டாத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா வெரல்ல புண்ணு இருந்துச்சுல்ல? அது போதாதா?"

"போதாது மாமா."

"போதும்னு சொல்லேன். உனக்கென்ன கொறஞ்சிடப் போகுது?"

அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கும் அந்த விரல் போதும் என்றுதான் இருந்தது. பேருந்தில் போகும்போது முழுக்க, வெகுநேரம் வைத்திருந்தேன் என்று அந்தம்மா சொல்ல வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

விடுதியின் பழைய காவலாளி சொன்ன முகவரி அது. மூன்றாவது மாடி, மகன் வீடு. மகன் வெளியூர் வேலையில் இருந்தார். மருமகள் அலுவலகம் போயிருந்தார். சமையல்காரம்மா மட்டும் இருந்தார். அடுக்களை வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரங்கள் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தன. காலை, மதியச் சாப்பாட்டை மருமகள் செய்து மூடி வைத்துவிட்டுப் போவாராம்.

யார் என்று சொன்னேன்.

"டிகிரி அக்கா பொண்ணா!" என்றார். "உங்கம்மாவ நான் பாத்ததேயில்ல. பால் எவ்வளவு வேணும்னு போன் பண்ணுவேன். அவங்க எடுத்தா ரிசீவர ஒரு முழம் தள்ளிப் புடிச்சிக்குவேன். அப்பவும் காது வலிக்கும். நல்லா இருக்காங்களா?"

"தவறிட்டாங்க."

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தச் சத்தம் போச்சா," என்றார்.

கேட்டேன். அந்தப் பாலைக் காய்ச்சிய பிறகு எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?

அவர் முகம் இறுகியது. "எதுக்குக் கேக்குற? அன்னிக்கும் ஒருத்தர் வந்து இதத்தான் கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள வெரலப் பாத்துட்டாரு. அப்புறம் பதில யாரும் கேக்கல."

"நான் கேக்குறேன்மா."

"காய்கறி நறுக்கறப்போ வெட்டிக்கிட்டேன். கட்டுப் போட்டிருந்தேன், அதுக்கு மேல உறையும் போட்டிருந்தேன். எவன் நம்பினான்?" துணியை மறுபடி பிரித்து மடித்தார். "சாயங்காலம் வண்டி வந்துச்சு. எறக்கினதும் அடுப்புல ஏத்தினேன். நல்லாக் கொதிச்சுது. கொதிச்சதும் ஊத்தினேன். புள்ளைங்க வரிசையில நிக்குதுங்க, டம்ளரத் தட்டிக்கிட்டு. எங்க வைக்கிறது, எவ்வளவு நேரம் வைக்கிறது? நாக்கு சுடுது, நாக்கு சுடுதுன்னு கத்திக்கிட்டே குடிச்சாங்க."

நாக்கு சுடச்சுட. அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சொன்னேன். தொட்டி, குளிரூட்டி, கொட்டிடலாமா என்று அம்மா கேட்டது, கொட்டாமல் ஓட்டியது, மூன்று டிகிரி கூட்டியது, பிறகு வாயைத் திறக்காதது. செத்த கிருமி விட்டுவிட்டுப் போன விஷத்தைப் பற்றியும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். தழும்புகூட இல்லை.

"நான் சரியாக் காய்ச்சலன்னுதான் நானே நெனச்சிட்டேன்," என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே கொதிச்சுதா, இல்ல நொரைதான் பொங்கிச்சான்னு. அதுக்கப்புறம் எந்த வேலையும் கெடைக்கல. இந்த வீட்டுலயும் அடுப்புகிட்ட விடறதில்ல. மருமக மரியாதையாத்தான் சொல்வா. நீங்க ஓய்வா இருங்க அத்தைன்னு."

நான் எழுந்தேன். "உக்காரு," என்றார். "அவ வர நேரம்தான்."

மருமகள் வந்தார். கைப்பையை வைத்துவிட்டு, யார் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இவகிட்ட சொல்லு," என்றார் சமையல்காரம்மா. "முதல்லேர்ந்து. ஒண்ணும் விடாத."

ஒருமுறை சொன்னதைவிட இரண்டாவது முறை கடினமாக இருந்தது. மருமகள் படித்தவர், இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். கொதிக்க வைத்தாலுமா? கொதிக்க வைத்தாலும். எல்லாக் கிருமியுமா? இல்லை, சிலதுதான். காய்ச்சியதும் குடித்தாலும் விரலிலிருந்து வந்திருக்கலாம் இல்லையா? வராது, நேரம் போதாது.

"அந்தப் பொண்ணுக்குப் பாலாடை புடிக்காது," என்றார் சமையல்காரம்மா திடீரென்று. எந்தப் பெண் என்று நாங்கள் கேட்கவில்லை. "ஆடை இருந்தா குமட்டும்பா. அதனால அவ பங்க மட்டும் தனியா வடிகட்டி, இன்னொரு தடவை சூடு பண்ணிக் குடுத்தேன். ரெண்டு தடவை கொதிச்ச பாலு. அதுவுமா பத்தல?"

"பத்தாதும்மா. எத்தன தடவைன்னாலும் பத்தாது."

"அப்போ நான் என்னதான் பண்ணியிருக்கணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிபோச்சு."

அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பாள். அவளிடம் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது. அவளால் அந்தப் பாலைக் கொட்டியிருக்க முடியும்.

மருமகள் மெதுவாகக் கேட்டார். "அப்போ அத்தை மேல தப்பே இல்லையா?"

"இல்ல."

"பின்ன யாரு மேல?"

ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு," என்றார் சமையல்காரம்மா. "உங்கம்மா பொண்ணுதானே நீ?"

"எங்க அம்மா மேல," என்றேன். "அந்த சூப்பர்வைசர் மேலயும், எங்க அம்மா மேலயும்."

அது அந்தச் சின்ன வீட்டுக்குத் தேவையானதைவிட மிகச் சத்தமாக இருந்தது. கீழ்த்தளத்தில் யாரோ ஜன்னலைத் திறந்து மூடினார்கள். சமையல்காரம்மா ரிசீவரைத் தள்ளிப் பிடிப்பதுபோல் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டார்.

பிறகு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, அடுக்களைக்குள் போனார். வரிசையாக அடுக்கியிருந்த பாத்திரங்களில் ஒன்றை எடுக்கும் சத்தம் கேட்டது. மருமகள் பாதி எழுந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.